சிரித்தது யாருடைய அம்மா?

"டீச்சர், ஆன்ஸரை நீங்களே சொல்லிடுங்கோ. நாங்க எழுதிண்டுடறோம்."

ரங்காச்சாரி இப்படிச் சொன்னதும் மூன்று பென்சில்களும் ஒரே நேரத்தில் மூன்று நோட்டுகளின் மேல் இறங்கின. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு வாழைக்காய் மண்டி. அதன் மாடி அறைதான் எங்கள் வகுப்பு. கீழே வாழைத்தார் இறக்குகிறவர்களின் கூச்சல். ஜன்னலுக்கு வெளியே "மண்ணச்சநல்லூர், மண்ணச்சநல்லூர்" என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டது ஒன்றும் பிரமாதமான கேள்வி அல்ல. நாங்கள் எல்லோரும் பார்த்த இத்தாலியப் படத்தின் கடைசிக் காட்சியில் அந்த விதவை ஏன் சிரிக்கிறாள்? அவ்வளவுதான்.

"ஆன்ஸர் எங்கிட்ட இல்லைங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்குறேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க என்னத்தைங்க நினைக்கிறது?" என்றார் சுப்பையா, மிகவும் பணிவாக. "நீங்க என்ன நினைக்கச் சொல்றீங்களோ, அதையே நினைச்சுக்கிறோம்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூவரும் என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்கள். இல்லாவிட்டால் கையிலிருந்த சாக்பீஸை அவர் நெற்றிக்குக் குறி பார்த்திருப்பேன்.

பாலக்கரையில் முளைத்த இத்தாலியன்

பாலக்கரைப் பெண்ணுக்கு இத்தாலியன் எங்கிருந்து வந்தது என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு கன்னியர் மடத்தில் சமையல்காரர். மடத்து சிஸ்டர்கள் இத்தாலிக்காரர்கள். அந்தச் சமையலறை அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த எனக்குத் தமிழும் இத்தாலியனும் ஒன்றாகவே வாயில் வந்தன. இரண்டும் வேறு வேறு மொழி என்பதே ஆறு வயதில்தான் தெரிந்தது.

அப்பா போன பிறகு சிஸ்டர்களே என்னைப் படிக்க வைத்து, மூன்று வருஷம் இத்தாலிக்கும் அனுப்பி ஆசிரியை ஆக்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால் திருச்சியில் இத்தாலியன் படிக்க ஈ காக்கை கிடையாது. மடத்துத் தையல் அறையில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றிப் போன வாரம் ஒன்றை விட்டுவிட்டேன். இருபது வருஷம் அந்த அடுப்பில் வெந்தும் அவருக்கு ஒரு மனக்குறை தீரவில்லை. அவர் வடிக்கும் சோறு குழைந்துவிட்டது என்று சிஸ்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பல்லில் கடிபட வேண்டுமாம் அவர்களுக்கு.

"அரை வேக்காட்டுல இறக்கச் சொல்றாங்கடி. அரிசி இன்னும் அரிசியாவே நிக்குது. அதைத் தின்னுட்டு எப்படித்தான் முழங்கால் போட்டு ஜெபம் பண்றாங்களோ!" என்று வேலை முடிந்து வந்து அம்மாவிடம் புலம்புவார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். தினமும் அதே புலம்பல்தான், தினமும் அதே சிரிப்புத்தான்.

பெட்டியில் வந்த படம்

அறுபதுகளின் தொடக்கம். திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள் இத்தாலியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அங்கே போய் ஒரு வருஷம் பயிற்சி எடுத்து வர மூன்று பேரைப் பொறுக்கியிருந்தார்கள். மூவரும் ஒரு வயதான பாதிரியாரிடம் ஒன்றரை வருஷம் இத்தாலிய இலக்கணம் படித்து முடித்தவர்கள். எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும் எல்லாக் காலங்களிலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத்தான் வராது.

ஆகவே எட்டு மாத மேல்வகுப்பு ஒன்று வைத்தார்கள், எழுத்துக்கும் பேச்சுக்கும். என்னைத் தையல் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"போல்ட்டு, நட்டு, வால்வு, இதுக்கெல்லாம் அவங்க பாஷையில என்ன பேருன்னு சொல்லிக்கொடுத்தாப் போதும்மா," என்றார் தொழிற்சாலை மேனேஜர்.

இத்தாலிக் கம்பெனி வேறு மாதிரி நினைத்தது. ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. அதற்குள் ஒரே சிறுகதைத் தொகுப்பின் நான்கு பிரதிகள், தகர டப்பாக்களில் ஒரு முழுநீளப் படம், கூடவே ஒரு கடிதம். போல்ட்டின் பெயரை இத்தாலிக்கு வந்து ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் சாப்பிடும்போது நேற்றுப் பார்த்த சினிமாவைத்தான் பேசுவார்கள். பக்கத்தில் வாயடைத்து உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் தொழில் சொல்லித்தர மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து, இந்தக் கதைகளையும் படத்தையும் பற்றி ஒவ்வொருவரோடும் பேசிப் பார்ப்பாராம். பேசத் தெரிந்தவர் கப்பல் ஏறலாம்.

மேனேஜர் அந்தக் கடிதத்தை என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "மூணு பேர்ல ஒருத்தராவது தேறணும். இல்லேன்னா வகுப்பும் கிடையாது, உங்க வேலையும் கிடையாது," என்றார்.

மறுபடியும் தலையணை உறை. அந்த எட்டு மாதமும் தையல் மெஷின் என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தெருக்கள் மூவகைப்படும்

முதல் வாரம், 'நான் குடியிருக்கும் தெரு' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். ரங்காச்சாரி ஸ்ரீரங்கத்தில் உத்தரவீதிக்காரர். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பாசுரம் சேவிக்கும் குடும்பம். ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுத்துப் பிசகாமல் சொல்கிற நாக்கு. அவர் எழுதி வந்தது இது:

தெருக்கள் மூவகைப்படும். அவையாவன நேர்த்தெரு, குறுக்குத்தெரு, சந்து. தெருவினால் நாம் அடையும் நன்மைகள் பல. ஆகவே நாம் அனைவரும் தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்வோமாக.

ஒரு பிழை இல்லை. உத்தரவீதியும் இல்லை.

"சார், உங்க தெருவுல ஒரு மாடு, ஒரு மனுஷர், ஒரு சண்டை, எதுவுமே கிடையாதா?"

"எல்லாம் உண்டு. அதையெல்லாமா கட்டுரைல எழுதறது?" என்று அவர் நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டார்.

தொகுப்பில் ஒரு தபால்காரர் கதை இருந்தது. மலையூர் ஒன்றில் அந்த மனிதர் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படிப்பார். துக்கச் செய்தியாக இருந்தால் கொடுக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வார். படித்து முடித்ததும் நான் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பிய கதை அது. அதைப் பற்றி எழுதச் சொன்னால் மூவரும் ஒரே மாதிரி முடித்திருந்தார்கள்: இதனால் நாம் அறிவது யாதெனில், தபால் துறையில் ஒழுங்கு மிக அவசியம்.

நான் தலையில் அடித்துக்கொண்டது மண்டிவரை கேட்டிருக்கும்.

இவர்களுக்குப் பேச வராது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாமவர் கமாலுதீன். அவருடைய அத்தாவுக்குப் பெரியகடைவீதிப் பக்கம் சுருட்டுக்கடை. பிள்ளை வியாபார வாயோடு பிறந்தவர். சத்திரத்தில் பஸ் ஏறினால் ஜங்ஷன் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரை மாமா மச்சான் ஆக்கிவிடுவார். வகுப்புக்கு முன்னால் கீழே டீக்கடையில் அவரும் சுப்பையாவும் முந்தின நாள் பார்த்த தமிழ்ப் படத்துக்காக அடித்துக்கொள்வார்கள்.

"அவ எதுக்குங்க அவனை மன்னிக்கணும்? எங்க ஊரா இருந்தா வெளக்குமாத்தாலயே போட்டிருப்பாங்க," என்பார் மண்ணச்சநல்லூர் சுப்பையா. அவ்வளவு சாதுவான மனிதருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கமாலுதீன் டீ கிளாஸை வைத்துவிட்டு அந்த மனைவியின் மனசை அலசு அலசென்று அலசுவார்.

நான் ஓடிப்போய், "இதைத்தாங்க! இதையே மேல வந்து இத்தாலியன்ல சொல்லுங்க!" என்பேன்.

"அது சும்மா பேசுறது டீச்சர்," என்பார் கமாலுதீன். "இது பாடம்ல?"

படியேறி வந்ததும் மூவரும் ஊமை.

இதற்கிடையில் ரங்காச்சாரி தானாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் வரும் சுப்பையாவோடு திருவானைக்காவலில் ஏறிக்கொள்வார். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அன்றைய பாடத்தை, பாசுரம் சேவிக்கிற கணக்கில், இவர் ஒரு அடி சொல்ல அவர் அடுத்த அடி சொல்லி முழுசாக ஒப்பித்துவிடுவார்கள். ஒரு நாள் அந்த பஸ் கண்டக்டரே என்னைத் தேடி வந்தார்.

"ஏம்மா, அவங்க சொல்றது எந்தக் கோயில் மந்திரம்? காதுல விழுந்தா மனசு நிம்மதியா இருக்குங்க."

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. கிளியாவது நடுவில் ஒரு தரம் சொந்தக் குரலில் கத்தும்.

நான் செய்த தப்பு

படத்தைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு ஹாலில் ஓட்டினோம். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ஒருவர் மெஷினோடு வந்தார். சுவரில் எட்டு முழ வேட்டி. சாம்பார் வாசனைக்கு நடுவே இத்தாலியக் கடற்கரை.

கதை சின்னது. ஒரு மீனவன் செத்துப்போகிறான். அவன் மனைவி அவனுடைய படகை வெளியூர்க்காரன் ஒருவனுக்கு விற்றுவிடுகிறாள். வாங்கியவன் படகைத் தண்ணீரில் தள்ளி ஏறுகிறான். துடுப்புப் போடத் தெரியாமல் படகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கரையில் நிற்கும் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

மூன்று முறை ஓட்டினோம். மூன்றாம் முறை முடிந்ததும் ரங்காச்சாரி ஆபரேட்டரிடம் போய், "கடைசி ரீலை மட்டும் இன்னொரு தரம் போடுவேளா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுல வசனமே இல்லையே சார்! எதை மனப்பாடம் பண்ணப் போறீங்க?"

அவர் வேட்டித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ரீல் மறுபடி ஓடியது. நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வகுப்பில்தான் அந்த மூன்று பென்சில்கள். இத்தாலியனில் 'ஏன்' என்பதற்குப் 'பெர்கே' என்பார்கள். எட்டு மாதமாக 'பெர்கே, பெர்கே' என்று கேட்டு என் தொண்டைதான் வறண்டது. இன்ஜினியர் வரப் பத்தே நாள் இருந்தது. பொறுமை போய்விட்டது.

"சரி. நான் என்ன நினைக்கிறேன்னு சொல்றேன். இது ஆன்ஸர் இல்ல. ஒரு மாதிரிக்குத்தான். இதே மாதிரி நீங்க உங்க வாழ்க்கையிலேருந்து சொல்லணும்," என்று சொல்லிவிட்டு இத்தாலியனில் பேசத் தொடங்கினேன்.

துக்கம் தாங்கும் அளவைத் தாண்டினால் மனம் பிசகிவிடும். அதனால்தான் அவள் சிரிக்கிறாள். என் அம்மாவும் அப்படிச் சிரித்தாள். அப்பாவின் உடல் வீட்டில் கிடந்தது, ஊரே அழுதுகொண்டிருந்தது, அம்மா உரக்கச் சிரித்தாள். பதினான்கு வயதுச் சிறுமியான நான் வெட்கத்தில் குன்றிப்போனேன். அவள் ஏன் சிரித்தாள் என்று இன்றுவரை கேட்டதில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தமிழில் என்றால் சொல்லியிருக்கவே மாட்டேன். வேறு மொழியில் சொல்லும்போது வேறு யார் வீட்டுத் துக்கமோ போல வாயில் வந்துவிட்டது. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். பென்சில்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர், வெட்கத்துல என்னமோ ஆச்சுன்னு சொன்னீங்களே," என்றார் கமாலுதீன். "அதை மட்டும் இன்னொரு தரம்."

மூன்று அம்மாக்கள்

இத்தாலி இன்ஜினியர் வந்தார். உயரமானவர். நம் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. என்னைத் தன் அறையில் ஒரு ஓரமாக உட்கார வைத்துக்கொண்டார். பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் குறிக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது.

முதலில் சுப்பையா. அவள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"துக்கம் தாங்கும் அளவைத் தாண்டினால் மனம் பிசகிவிடும்."

நான் சொன்ன அதே வரி. அவர் நிறுத்தவில்லை. அப்பாவின் உடல், ஊரே அழுதது, அம்மாவின் சிரிப்பு, எல்லாம் வரிசையாக வந்தன. இன்ஜினியர் எழுந்து வந்து கண் கலங்க அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்று காலை சுப்பையாவுக்குத் திருநீறு பூசி வழியனுப்பி வைத்ததே அவருடைய அப்பாதான்.

அடுத்து கமாலுதீன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, குரலைத் தழைத்து, அதே வார்த்தைகள். இன்ஜினியரின் புருவம் மெல்ல உயர்ந்தது. "பதினான்கு வயதுச் சிறுமியான நான்" என்று கமாலுதீன் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் கமாலுதீனின் மீசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பென்சில் முனையைப் பார்த்தேன்.

கமாலுதீன் போகும்போது என் பக்கம் குனிந்து, "நல்லா சொன்னேன்ல டீச்சர்? அத்தாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. உசுரோட இருக்கிற மனுஷனைக் கொன்னுட்டு வந்திருக்கேன், தோலை உரிச்சிருவாரு," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபமெல்லாம் என் மேல்தான் வந்தது. பன்னிரண்டு வருஷம் பொத்தி வைத்திருந்ததை நானே எடுத்து நோட்ஸ் கொடுத்துவிட்டு, அதை எழுதிக்கொண்டவர்களைக் கோபித்து என்ன பிரயோஜனம்? இனி மிச்சமிருப்பது ரங்காச்சாரி. மூவரில் பெரிய ஒப்பிப்புக்காரர். தையல் அறைக்குப் போக நான் மனதளவில் தயாராகிவிட்டேன்.

நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு ரங்காச்சாரி வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் அம்மாவும் சிரித்தார்களா?" என்று இன்ஜினியரே எடுத்துக் கொடுத்தார். குரலில் அலுப்பு.

"துக்கம் தாங்கும் அளவை..." என்று தொடங்கினார். நின்றுவிட்டார். மனப்பாடத்தில் அவர் தடுக்கி நான் பார்த்ததே இல்லை. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவர் பேசியதில் எழுவாய் ஒரு பக்கம் போயிற்று, வினைச்சொல் ஒரு பக்கம் போயிற்று. தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்:

"இல்லை. அது என் அம்மா இல்லை. டீச்சருடைய அம்மா. அதை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கடைசிக் காட்சியை நான்கு முறை பார்த்தேன். அவள் முதலில் சிரிக்கவில்லை. முதலில் திரும்புகிறாள். இப்படி."

தன் இடது பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினார். அங்கே வெறும் சுவர்.

"படகு தப்பாகப் போகிறது. புருஷனிடம் சொல்லத் திரும்புகிறாள். பாருங்கள், இந்த முட்டாளைப் பாருங்கள் என்று. அவன் அங்கே இல்லை. சிரிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது." தலையை நேராக்கிக்கொண்டார். "நானும் திரும்புகிறேன். என் மனைவி போய் இரண்டு வருஷம். கோயிலில் யாராவது பாட்டைத் தப்பாகச் சொன்னால், வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லச் சமையலறைப் பக்கம் திரும்புகிறேன்."

எட்டு மாதம் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மனைவி இல்லாதவர் என்று எனக்குத் தெரியாது. நானும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

இன்ஜினியர் நாற்காலியை ரங்காச்சாரி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, அவருடைய மனைவி நன்றாகச் சமைப்பார்களா என்று கேட்டார். ரங்காச்சாரி புளியோதரையை இத்தாலியனில் விளக்க முயன்றார். அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இன்ஜினியர் பிழைக் காகிதத்தைக் கேட்டபோது வெறும் தாளைத்தான் நீட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரங்காச்சாரி கப்பல் ஏறினார். மற்ற இருவருக்கும் இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்கள், ஆகவே எனக்கும். அடுத்த முறை கமாலுதீன் அத்தாவை உயிரோடு எழுப்பி, சுருட்டுக்கடை வியாபாரத்தைச் சொல்லத் தொடங்கினார். நிறுத்தத்தான் ஆளில்லை.

அண்டா மூடி

இன்ஜினியர் வந்த அன்று சாயங்காலம் பாலக்கரை வீட்டுக்குப் போனபோது அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அப்பா செத்த அன்னைக்கு நீ எதுக்கும்மா சிரிச்ச?"

முறத்தில் விரல் நின்றது. "இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"கேக்குறேன்ல. சொல்லும்மா."

"சாவு வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுன்னு மடத்துலேருந்து சிஸ்டருங்களே சோறாக்கி அண்டாவுல அனுப்பியிருந்தாங்க. பாவம், அழுதுக்கிட்டே ஆக்கியிருப்பாங்க. நான்தான் மூடியைத் தொறந்தேன். ஒரு பருக்கை வேகல. அரிசி அப்படியே அரிசியா நிக்குது." அம்மாவின் உதடு கோணியது. "பாத்தீங்களா உங்க ஆளுங்க ஆக்குன லட்சணத்தைன்னு உங்கப்பாட்ட சொல்லத் திரும்புனேன்."

சொல்லும்போதே அவள் தலை இடது பக்கம் திரும்பியது. அங்கே தண்ணீர்ப் பானையும் சுவரும்தான் இருந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்காமலே அவளை மனம் பிசகியவள் என்று முடிவு கட்டி, அதை மூன்று பேருக்குப் பாடமாகவும் எழுதிக்கொடுத்திருந்தேன்.

அம்மா முறத்தை என்னிடம் நீட்டினாள்.

"அழுதது போதும். உலை கொதிக்குது பாரு. அரிசியைக் களைஞ்சு போடு. நல்லா வேகட்டும்."